பழைய நிரல், புது விண்டோஸ்: நடுவில் நிற்கும் இன்டர்பிரெட்டர்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். மதியத்துக்கு மேல் பசுந்தேயிலை மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. எடை போடுகிறார்கள். மழை நாளென்றால் ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறார்கள். கணக்கர் கம்ப்யூட்டரில் பெயரையும் கிலோவையும் தட்டுகிறார், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று ரசீதை அடித்துத் தள்ளுகிறது. அந்த இலைக் கணக்கு நிரலை 1990களில் யாரோ ஜிடபிள்யூ-பேசிக் மொழியில் எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கணக்கு பைசா பிசகியதில்லை.

ஒரு மழைக்காலத்து ஈரத்தில் அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விடுகிறது. புதுசு வாங்குகிறார்கள், விண்டோஸ் 11 போட்டது. பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து கோப்புகளை எடுத்துப் புதியதில் போட்டு, இரண்டு முறை சொடுக்கினால், இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்று ஒரு நீலப் பெட்டி வருகிறது. "புரோகிராம் கெட்டுப்போச்சு சார், புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்று பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போகிறார்.

நிரலில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. அந்த நிரலைப் படித்து நிறைவேற்றுகிற இன்டர்பிரெட்டருக்குத்தான் புது இயங்குதளத்தில் கால் ஊன்ற இடமில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் செலவு எவ்வளவோ மிச்சம். அதோடு, இன்டர்பிரெட்டர் ஒன்றைச் சரிசெய்தால் அந்த மொழியில் எழுதிய அத்தனை நிரல்களும் ஒரே நேரத்தில் மறுபடி ஓடும். அதனால்தான் உலகெங்கும் சிலர் இந்த வேலையைத் தேடிப் பிடித்துச் செய்கிறார்கள். அதில் அப்படி என்ன வேலை இருக்கிறது என்று பார்ப்போம்.

இன்டர்பிரெட்டர் எங்கே நிற்கிறது

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் கடுமை, நடுவில் பல்தண்டவாளம் உண்டு, அதைக் கவ்வி ஏறும் நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. குன்னூர் தாண்டினால் பல்தண்டவாளம் கிடையாது. அங்கே நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். பெட்டிகள் அவையேதான், உள்ளே இருக்கிறவர்கள் எழுந்திருக்கக்கூட வேண்டாம். நிரல் என்பது அந்தப் பெட்டி, இன்டர்பிரெட்டர் எஞ்சின், இயங்குதளம் தண்டவாளம். பாதை மாறும்போது மாற்ற வேண்டியது எஞ்சினை.

சரி, இன்டர்பிரெட்டர் உள்ளே என்ன செய்கிறது? தமிழிலேயே எழுதக்கூடிய எழில் என்ற நிரல்மொழி இருக்கிறது. அதில் ஒரு வரி:

பதிப்பி "இலை 42 கிலோ"

இந்த வரி விண்டோஸுக்கும் புரியாது, பிராசஸருக்கும் புரியாது. இன்டர்பிரெட்டர் இதை எழுத்து எழுத்தாகப் படிக்கிறது. 'பதிப்பி' ஒரு கட்டளை, மேற்கோளுக்குள் இருப்பது காட்ட வேண்டிய சரம் என்று பிரித்துக்கொள்கிறது. இதுவரை நடந்ததெல்லாம் அதன் சொந்த வேலை, இயங்குதளத்தின் உதவி ஏறக்குறைய தேவையில்லை. கூட்டல், பெருக்கல், ஒப்பிடல் எல்லாம் இதே வகைதான்.

ஆனால் அந்தச் சரத்தைத் திரையில் காட்ட வேண்டும் என்றதும் இன்டர்பிரெட்டர் இயங்குதளத்திடம் போய் நின்றாக வேண்டும். திரை, கீபோர்டு, கோப்பு, பிரிண்டர், கடிகாரம், நினைவகம், நெட்வொர்க் இவை எதையும் அது தானாகத் தொட முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். பழைய இன்டர்பிரெட்டர் பழைய முறையில் கேட்கிறது, புது இயங்குதளம் அந்த முறையை நிறுத்திவிட்டது. நீலப் பெட்டிக்குக் காரணம் அவ்வளவுதான்.

எழில் விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதன் இன்டர்பிரெட்டர் பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதாவது எழில் பைத்தானிடம் கேட்கிறது, சி மொழியில் எழுதிய பைத்தான் இன்டர்பிரெட்டர் விண்டோஸிடமோ, லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்திடமோ கேட்கிறது. இப்படி அடுக்கின்மேல் அடுக்காக நிற்கும் மொழிக்கு, கீழே எந்த அடுக்கு மாறினாலும் மேலே வேலை வந்துவிடும்.

ஜிடபிள்யூ-பேசிக் ஏன் அடியோடு நின்றது

விண்டோஸுக்கு முன்பிருந்த டாஸ் இயங்குதளத்தின் காலத்து நிரல்கள் கேட்டு வாங்கும் பழக்கம் குறைந்தவை. திரையில் எழுத வேண்டுமென்றால் திரைக்கான நினைவகத்திலேயே நேராக எழுதிவிடலாம், பிரிண்டருக்கு அனுப்ப வேண்டுமென்றால் பிரிண்டர் கேபிள் செருகும் பேரலல் போர்ட்டை நேராகத் தொடலாம். வேகம் வேண்டியிருந்தது, தடுக்கவும் ஆளில்லை. ஜிடபிள்யூ-பேசிக் முழுக்க 8088 பிராசஸருக்கான அசெம்பிளி மொழியில் எழுதப்பட்ட 16 பிட் நிரல், அதாவது தகவலைப் பதினாறு பதினாறு பிட்டாக (பிட் என்பது ஒரு 0 அல்லது 1) கையாளுவது. 32 பிட் விண்டோஸில் இப்படிப்பட்ட நிரல்களுக்கென்று ஒரு டாஸ் சூழலை மைக்ரோசாஃப்ட் வைத்திருந்தது. 64 பிட் விண்டோஸில் அது கிடையாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும். ஆகவே பழைய பேசிக்கை அதில் நேராக ஓட்ட வழியே இல்லை. கம்பேட்டிபிலிட்டி மோடு என்று வலது சொடுக்கில் வரும் அமைப்பை எப்படி மாற்றினாலும் பலன் இருக்காது. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

2020 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ஜிடபிள்யூ-பேசிக்கின் 1983-ஆம் ஆண்டு மூலநிரலை, அதாவது மனிதர்கள் எழுதிய வடிவத்தை, திறந்த உரிமத்தில் வெளியிட்டது. மூலநிரல் கிடைத்துவிட்டதே, திரும்பக் கம்பைல் செய்தால், அதாவது இயந்திர மொழிக்கு மாற்றினால், ஆயிற்று என்று தோன்றும். ஆகாது. அசெம்பிளி என்பது அந்தப் பிராசஸரின் கட்டளைகளிலேயே எழுதியது, திரும்பக் கம்பைல் செய்தாலும் வருவது அதே 16 பிட் நிரல்தான். வரலாற்று ஆவணமாக அது பெரிய பொக்கிஷம், புது கம்ப்யூட்டரில் ஓட்ட உதவாது. சி மொழியில் எழுதிய இன்டர்பிரெட்டர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. குறைவுதான், இல்லாமல் இல்லை.

சி-யில் எழுதியதும் ஏன் தடுக்கி விழுகிறது

முதல் தொல்லை, முகவரியின் அளவு. நினைவகத்தில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை ஒரு எண்ணாக வைத்துக்கொள்வார்கள். 32 பிட் கணினியில் அந்த எண் ஏறக்குறைய 429 கோடிக்கு மேல் போகாது. அதனால் பழைய இன்டர்பிரெட்டர்களை எழுதியவர்கள் முகவரியை ஒரு சாதாரண முழு எண்ணுக்குள் போட்டு வைத்தார்கள், சரியாகவே வேலை செய்தது. 64 பிட்டில் ஒரு பொருள் 500 கோடியாவது முகவரியில் இருக்கலாம். அதைக் கொண்டுபோய் 32 பிட் எண்ணுக்குள் திணித்தால் மேல்பகுதி வெட்டுப்பட்டு 70,50,32,704 என்று நிற்கும். அங்கே வேறு ஏதோ இருக்கிறது, நிரல் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிழும். இதில் ஒரு வம்பு கூடுதலாக உண்டு. சி மொழியில் 'லாங்' என்ற வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்), 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான். லினக்ஸில் நன்றாக ஓடிய இன்டர்பிரெட்டர் விண்டோஸில் மட்டும் விழுந்தால் முதலில் இந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது கம்பைலரின் கண்டிப்பு. முன்னதாக அறிவிக்காத ஒரு ஃபங்ஷனை (பெயர் வைத்த சிறு நிரல்பகுதியை) கூப்பிடுவதை 1999-ஆம் ஆண்டு சி தரமே நீக்கிவிட்டது. கம்பைலர்கள் எச்சரிக்கையோடு வெகுகாலம் விட்டுவைத்தன. 2024-இல் வந்த ஜிசிசி 14 என்ற கம்பைலர் அதைப் பிழையாகவே ஆக்கிவிட்டது. நேராக நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, எங்கே என்று தெரிந்துவிடும். வேறொரு விதமாகவும் இது கடிக்கும். பல இன்டர்பிரெட்டர்களைக் கட்டுவதற்கு முன் ஒரு கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும். குட்டிக் குட்டிச் சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து பார்த்து, இந்த இயங்குதளத்தில் இன்ன வசதி இருக்கிறதா என்று அது முடிவு செய்யும். அந்தச் சோதனை நிரலே பழைய பாணியில் எழுதப்பட்டிருந்தால் கம்பைலர் அதைத் தள்ளிவிடும். உடனே ஸ்கிரிப்ட், அந்த வசதி இங்கே இல்லை என்று எழுதிக்கொண்டு மேலே போய்விடும். இன்டர்பிரெட்டர் கட்டி முடிந்துவிடும், ஓடவும் செய்யும், ஏதோ ஒரு வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கான்ஃபிகர் எழுதி வைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து பொறுமையாகப் படியுங்கள் என்பதுதான். நீளமாக இருக்கும், அலுப்பாகவும் இருக்கும், விடை பெரும்பாலும் அதில்தான் கிடைக்கும்.

மூன்றாவது, லைப்ரரிகள், அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பழைய நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில், அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கறாரானவர். ஆனால் இன்டர்பிரெட்டர் கெர்னலை மட்டும் நம்பி இல்லை. இணையத்தில் பாதுகாப்பாகப் பேசுவதற்கு ஓபன்எஸ்எஸ்எல் போன்ற லைப்ரரிகள் வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த, லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 22.04, ஓபன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியது. ரூபி மொழி 3.1 பதிப்பிலிருந்துதான் அதை ஏற்கத் தயாராக இருந்தது. பழைய ரூபியைப் புது உபுண்டுவில் கட்டப் போனவர்கள் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். மொழியின் இலக்கணத்தில் ஒரு புள்ளி மாறாமலே இன்டர்பிரெட்டர் நின்றுபோவதற்கு இது நல்ல உதாரணம்.

சில காரணங்கள் சின்னவை, ஆனால் ஆளை மண்டை காய வைக்கும். ஆப்பிளின் மேக் இயங்குதளம் இருபது வருடம் போல 10 என்ற எண்ணிலேயே ஓடிக்கொண்டிருந்து, 2020 நவம்பரில் 11 ஆனது. பெர்ல் என்ற மொழியின் பழைய இன்டர்பிரெட்டர் மூலநிரலில் மேக்கின் பதிப்பைச் சரிபார்க்கும் ஒரு சின்னக் கோப்பு, எண் 10-இல்தான் தொடங்கும் என்று நம்பி எழுதப்பட்டது. 11 வந்ததும், எதிர்பாராத பதிப்பு என்று சொல்லிக் கட்டுவதையே நிறுத்திவிட்டது. பெர்லில் எந்தக் கோளாறும் இல்லை, ஒரு எண்தான் தடை.

பாதுகாப்பு விதிகளும் இறுகிக்கொண்டே வருகின்றன. வேகத்துக்காக நிரலை ஓடும்போதே இயந்திர மொழியாக மாற்றிக்கொள்ளும் இன்டர்பிரெட்டர்கள் உண்டு, ஜிட் என்பார்கள். அவை நினைவகத்தில் ஓரிடத்தில் எழுதி, அதே இடத்தை ஓட்ட வேண்டும். தீங்கு நிரல்களும் அதையேதான் செய்கின்றன என்பதால், ஆப்பிளின் புது பிராசஸர்களில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் எழுதவும் ஓட்டவும் அனுமதி இல்லை. எழுதும்போது ஒரு நிலை, ஓட்டும்போது ஒரு நிலை என்று மாற்றி மாற்றிக் கேட்டுப் பெற வேண்டும். இதில் இயங்குதளத்தின் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. சிரமம் பார்க்காமல் இன்டர்பிரெட்டரைத் திருத்துவதே சரி.

இன்னும் வராத ஒரு தொல்லையும் உண்டு. பல இன்டர்பிரெட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை நொடி என்று எண்ணி வைக்கின்றன. 32 பிட் எண்ணில் அந்தக் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8:44:07-க்கு நிரம்பிவிடும். அடுத்த நொடி 1901-க்குப் போய்விடும். கடிகாரத்தை 64 பிட்டாக ஆக்கும் வேலை இப்போதே பல இடங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

எதிர்த் திசையிலும் இதே கதைதான். பைத்தான் 3.8-தான் விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பு. 3.9-ஐ எப்படியாவது கொண்டுவந்து வைத்தாலும், விண்டோஸ் 8-உடன் வந்த ஒரு சிஸ்டம் கோப்பைத் தேடி, காணவில்லை என்று நின்றுவிடும். பழைய கம்ப்யூட்டர் வைத்துப் பைத்தான் கற்கும் மாணவர்கள் இதில் அடிக்கடி குழம்புகிறார்கள். 3.8-ஐப் போட்டுக்கொள்ளுங்கள், ஆரம்பப் பாடங்களுக்கு அது தாராளம்.

அப்போது அந்த இலைக் கணக்கை என்ன செய்வது

அவசரமாக ஓட்டியாக வேண்டுமென்றால், பழைய சூழலையே புது கம்ப்யூட்டருக்குள் உருவாக்கிக்கொள்ளலாம். டாஸ்பாக்ஸ் அப்படி ஒன்று. பழைய பிராசஸரையும் திரையையும் மென்பொருளாலேயே நடித்துக் காட்டும். அன்று சாயங்காலமே நிரல் எழுந்து நிற்கும். ஆனால் அது விளையாட்டுகளுக்காகப் பிறந்தது, மூல டாஸ்பாக்ஸில் பிரிண்டர் வசதி கிடையாது. ரசீது வராத இலைக் கணக்கு யாருக்கும் வேண்டாம். டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற கிளைப் பதிப்பில் அச்சிட வழி உண்டு.

எனக்குப் பிடித்த வழி வேறு. அதே மொழிக்குப் புது இன்டர்பிரெட்டர் ஒன்றை யாராவது எழுதியிருந்தால் அதைப் பயன்படுத்துவது. ஜிடபிள்யூ-பேசிக்குக்கு பிசி-பேசிக் இருக்கிறது. இலவசம், திறந்த மூலநிரல், பைத்தானில் எழுதியது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பேசிக் நிரல் பிரிண்டருக்கு அனுப்புவதை இன்றைய விண்டோஸ் பிரிண்டருக்குத் திருப்பிவிடவும் முடியும். பைத்தான் 2-க்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான். அதன் அதிகாரபூர்வ ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது, ஆனால் பைபை என்ற மாற்று இன்டர்பிரெட்டர் பைத்தான் 2.7-ஐக் கைவிடவில்லை.

மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஜிடபிள்யூ-பேசிக் தன் நிரலைச் சாதாரண எழுத்தாகச் சேமிக்காது, சுருக்கக் குறிகளாக மாற்றித்தான் சேமிக்கும். நோட்பேடில் திறந்தால் குப்பையாகத் தெரிவது அதனால்தான், கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பிசி-பேசிக்கில் அதைத் திறந்து, சேவ் கட்டளையில் கோப்புப் பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளியும் ஆங்கில 'ஏ' எழுத்தும் சேர்த்துச் சேமித்தால், யாரும் படிக்கக்கூடிய மூலநிரல் கையில் இருக்கும்.

அப்புறம் சோதனை. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். நிரல் திறந்தது, திரை வந்தது என்பதோடு நிறுத்தக் கூடாது. பழைய ரசீதுக் கட்டில் ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளுங்கள், மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, கழிவுக் கணக்கும் வரும். அதே பெயர், அதே கிலோ, அதே விலையைப் புது இன்டர்பிரெட்டரில் போட்டு, வரும் ரசீதைப் பழையதோடு பைசாவரை ஒப்பிடுங்கள். பைசா ஏன் மாறப்போகிறது என்று கேட்கலாம். ஜிடபிள்யூ-பேசிக் தசம எண்களை மைக்ரோசாஃப்டின் சொந்த முறையில் வைத்திருந்தது. இன்று எல்லோரும் பயன்படுத்துவது ஐ-ட்ரிபிள்-ஈ 754 முறை. 1 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் கோப்பில் 0, 0, 0, 129 என்று நான்கு பைட்டாகப் போகும். புது முறையில் அது 0, 0, 128, 63. பழைய கணக்குக் கோப்பைப் புது முறை மட்டும் தெரிந்த மொழியில் படித்தால், 42 கிலோ இருந்த இடத்தில் அர்த்தமில்லாத எண்தான் கிடைக்கும். குவிக்பேசிக் 4 வந்து முறை மாறியபோதே அன்றைய ஆட்கள் இதில் அடிபட்டிருக்கிறார்கள். பிசி-பேசிக் பழைய முறையையே பின்பற்றுவதால் கோப்புகளை அப்படியே படிக்கும். ஒரு இன்டர்பிரெட்டரைப் பொருத்தமாக ஆக்குவது என்றால் இவ்வளவு நுணுக்கம் வரை போக வேண்டும். கட்டளைகள் ஓடினால் போதாது, அந்த மொழி எண்களை எப்படி உருட்டித் திரட்டியதோ அதுவும் அப்படியே வர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, ரசீதில் விவசாயிகளின் பெயர் தமிழில் வரட்டும் என்று உரிமையாளர் கேட்டால், அது இன்டர்பிரெட்டரைத் திருத்தித் தீரும் விஷயமில்லை. ஜிடபிள்யூ-பேசிக்குக்கு ஒரு எழுத்து என்றால் ஒரு பைட், மொத்தம் 256 எழுத்துதான். நிரலையே வேறு மொழிக்கு மாற்றியாக வேண்டும். பைத்தான் 3 நல்ல தேர்வு. மாதன் என்ற பெயரைப் பழைய பைத்தான் 2-இன் சாதாரணச் சரத்தில், ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் எடுக்கும் யூடிஎஃப்-8 முறையில் வைத்தால் நீளம் 15 என்று சொல்லும். 10 இடத்தோடு வெட்டச் சொன்னால் 'மாத' என்று எழுதி, அரைகுறை பைட்டுக்கு ஒரு கட்டத்தைப் போட்டுவிடும். பைத்தான் 3 நீளம் 5 என்கிறது. ம, கால், த, ன, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. நம் கண்ணுக்கு அது மூன்று எழுத்து. ஆகவே ரசீதில் பெயருக்குப் பக்கத்தில் கிலோ ஒரே நேர்கோட்டில் விழ வேண்டுமென்றால், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் முன்னால் உள்ள எழுத்தோடு சேர்த்து எண்ணும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.